ஹார்ட்ஸ்டைல் கொலாப்: கிக்கை யார் விட்டுக்கொடுக்கிறாங்க?

ரிவர்ஸ்பேஸ்_ராஜா

ஹார்ட்ஸ்டைல், அதாவது கிக் டிரம் அடியையே உயிரா வெச்ச நம்ம வேகமான எலக்ட்ரானிக் டான்ஸ் இசை, அதுல ரெண்டு பேர் சேர்ந்து பாட்டு பண்ற கொலாப் பத்தி ரொம்ப நாளா மனசுல கிடந்ததை இன்னைக்கு எழுதிடறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நேத்து நைட் ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல வரும்போது ‘கிரேட் ஸ்பிரிட்’ பாட்டை ஹார்ட்ஸ்டைல்காரர் வைல்ட்ஸ்டைல்ஸ் மாத்திப் பண்ணின ரீமிக்ஸ் ஓடுச்சு. எத்தனையாவது தடவைன்னு கணக்கே இல்ல. ஆனா நேத்துதான் ஒண்ணு உறைச்சுது. அந்த ஒரே பாட்டுல எத்தனை பேர் கை பட்டிருக்குன்னு பாருங்க. ஹைலைட் ட்ரைப்னு ஒரு ஃப்ரெஞ்சு குழு, டிட்ஜெரிடூ (ஆஸ்திரேலியப் பழங்குடி ஊதுகுழல்), டிரம்ஸ், கிட்டார்னு நிஜ வாத்தியம் வாசிச்சே டிரான்ஸ்ங்கிற எலக்ட்ரானிக் இசையைப் பண்றவங்க. வினி விசி, இஸ்ரேல்ல இருந்து வந்த சைடிரான்ஸ், அதாவது சைக்கடெலிக் டிரான்ஸ் ஜோடி. ஆர்மின் வான் ப்யூரன், டச்சு டிரான்ஸ்ல அவரைத் தாண்டி பேச்சே இல்ல. இவங்க சேர்ந்து 2016 கடைசில விட்ட பாட்டை 2017ல வைல்ட்ஸ்டைல்ஸ் எடுத்து ஹார்ட்ஸ்டைலா மாத்தினாரு.

ஒரிஜினல் 138 பிபிஎம், நிமிஷத்துக்கு 138 அடி. சைடிரான்ஸ்ல ஒரு கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் நடுவுல மூணு பேஸ் நோட்டு ஓடும், குதிரை ஓடுற மாதிரி. ஹார்ட்ஸ்டைல்ல அந்த மூணு நோட்டுக்கு இடமே கிடையாது, ஏன்னா கிக்கோட வாலே நடுவுல இருக்கிற இடத்தை முழுசா அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். அப்போ ரெண்டையும் சேர்க்கணும்னா யாரோ ஒருத்தர் தன்னோட உயிரான விஷயத்தைக் கழட்டி வைக்கணும். ரெண்டு பக்கமும் பிடிச்சு வெச்சுக்கிட்டா சத்தம்தான் மிஞ்சும், பாட்டு மிஞ்சாது.

என் கணக்கு இதுதான். கொலாப்ல தைரியம்னா போஸ்டர்ல ரெண்டு பெரிய பேர் இருக்கிறது இல்ல. முதல் டிராப்ல (மெலடி ஏறி முடிஞ்சு கிக் வந்து விழற இடம்) என் கிக், ரெண்டாவது டிராப்ல உன் கிக்னு பாகம் பிரிச்சுக்கிறதும் இல்ல. யார் தன்னோட கிக்கை விட்டுக்கொடுத்தாங்க, இல்லன்னா ரெண்டு பேரும் சேர்ந்து யாரோடதும் இல்லாத புது கிக் ஒண்ணு செஞ்சாங்களா, அதுலதான் இருக்கு.

உங்க கணக்குல தைரியமான கொலாப் எது? பேர் மட்டும் போடாம ஏன்னும் எழுதுங்க ப்ளீஸ்.

புதுக்காது_புவனா

வணக்கம், நான் இந்தப் பக்கம் புதுசு, ஜிம்முல போடற பிளேலிஸ்ட் வழியா வந்து மாட்டினவ. கிக்கோட வால்னா என்ன? கிக்னா டொம்முனு ஒரு அடி, அவ்வளவுதானே?

ஸ்டெம்_செந்தில்

புவனா, நல்ல கேள்வி கேட்டீங்க, இது புரிஞ்சாத்தான் ராஜா சொல்றதே புரியும்.

சாதாரண ஹவுஸ் பாட்டுல கிக்னா டொம்முனு ஒரு அடி, சரிதான். ஹார்ட்ஸ்டைல் கிக் அப்படி இல்ல, அது மூணு துண்டு. முன்னாடி ‘டாக்’, கதவைத் தட்டுற மாதிரி சின்ன க்ளிக். அடுத்து ‘பன்ச்’, நெஞ்சுல வந்து குத்துறது. அதுக்குப் பின்னாடி வர்ற நீளமான உறுமல்தான் வால், டெயில்னு சொல்றோம். 909ங்கிற பழைய டிரம் மெஷினோட கிக் மாதிரி ஒரு சாதா கிக்கை எடுத்து டிஸ்டார்ஷன்ல விட்டு (சத்தத்தைக் கரகரப்பாக்கறது), ஈக்யூல சில ஸ்தாயியைத் தூக்கி சில ஸ்தாயியை வெட்டி, மறுபடி டிஸ்டார்ஷன், மறுபடி ஈக்யூ, இப்படி அஞ்சாறு தடவை கூட ஓட்டுவாங்க. ஒவ்வொரு தடவையும் ஈக்யூவை ஒரு நூல் நகர்த்தினா முடிவுல வேற மிருகம் வந்து நிக்கும். அதனாலதான் தெரிஞ்ச காதுக்கு ரெண்டே கிக் போதும், இது யார் செஞ்சதுன்னு சொல்லிடும். பாடகருக்குக் குரல் எப்படியோ இவங்களுக்குக் கிக் அப்படி.

இன்னொண்ணு, அந்த வாலுக்கு ஸ்ருதி உண்டு. மெலடி எஃப்ல இருந்தா வாலும் எஃப்ல இருக்கணும், மெலடி அடுத்த நோட்டுக்குப் போனா வாலும் கூடவே போகணும். கிக்கே பேஸ் வாசிக்குது, அதான் விஷயம். வேகம் 150னா ஒரு அடிக்கு 400 மில்லிசெகண்டு. அந்த 400க்குள்ள டாக், பன்ச், வால் மூணும் அடங்கி அடுத்த அடிக்கு வழியும் விடணும்.

இப்போ ஒருத்தர் 40 தடவை மாத்தி மாத்தி செஞ்ச கிக்கை இன்னொருத்தர் பாட்டுல போய் ‘வேணாம், உன்னோடதே இருக்கட்டும்’னு சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

ஹெட்ஃபோன்_ஹமீது

ராஜா ப்ரோ, மதிச்சுத்தான் சொல்றேன், நீங்க எடுத்த உதாரணமே தப்பு. அது ரீமிக்ஸ். ரீமிக்ஸ்ல ஒருத்தர் முடிச்சுக் கொடுத்ததை இன்னொருத்தர் தன் இஷ்டத்துக்கு மாத்தறாரு, எதிர்ல உக்காந்து ‘இது வேணாம்’னு சொல்ல ஆள் இல்ல. கொலாப்னா அந்த ஆள் இருக்கணும்.

நிஜமான தைரியம்னா எனக்கு ஹெட்ஹன்டர்ஸ்தான். 2009ல டெஃப்கான்ங்கிற நெதர்லாந்து ஹார்ட்ஸ்டைல் திருவிழாவுக்கு ஆந்தம், அதாவது அந்த வருஷத்துத் தீம் பாட்டு, ‘ஸ்க்ராப் அட்டாக்’ பண்ணினவர், ஹார்ட்ஸ்டைல்னாலே அவர் மூஞ்சிதான் ஞாபகம் வரும்ங்கிற உயரத்துல இருந்தவர், 2013ல டபிள்யூ அண்ட் டபிள்யூ கூட ‘ஷாக்கர்’ பண்ணினாரு. பிக் ரூம் பாட்டு, பெரிய மேடைக்கான மெயின்ஸ்ட்ரீம் டான்ஸ் வகை. அடுத்த வருஷம் ஹார்ட்வெல் கூட ‘நத்திங் கேன் ஹோல்ட் அஸ் டவுன்’. அவர் வளர்த்த கூட்டமே துரோகின்னு கத்துச்சு. அந்தச் சத்தத்துக்கு நடுவுல போனாரு பாருங்க, அதுக்குப் பேர்தான் தைரியம். நீங்க கேக்கற ‘கிக்கை விட்டுக்கொடுக்கிறது’ கூட அங்கதான் முழுசா நடந்துச்சு, அவர் தன் கிக்கை மொத்தமா வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாரு.

ராஸ்டைல்_ராவணன்

ஹமீது, வீட்டுல வெச்சுட்டுப் போறதும் விட்டுக்கொடுக்கிறதும் ஒண்ணா? ‘ஷாக்கர்’ல ஹெட்ஹன்டர்ஸ் எங்க இருக்காருன்னு காட்டுங்க. பேரை எடுத்துட்டுப் போட்டா யாராவது கண்டுபிடிப்பாங்களா? அது குடிபோறது. கொலாப்னா ரெண்டு பேர் வாசனையும் இருக்கணும்.

ரிவர்ஸ்பேஸ்_ராஜா

ஹமீது சொன்ன முதல் பாயின்ட் சரி, ஒத்துக்கறேன். ரீமிக்ஸை நான் கொலாப்னு சேர்த்தது தப்பு. ஆனா ஹைலைட் ட்ரைப், வினி விசி, ஆர்மின் மூணு பேரும் சேர்ந்தது கொலாப்தானே, அதுல நடந்த விட்டுக்கொடுப்பைப் பாத்துதான் எனக்கு இந்த எண்ணமே வந்துச்சு.

ரெண்டாவது பாயின்ட்ல நான் ராவணன் பக்கம். அதே நேரம் ஹமீது சொன்ன அந்தக் கூச்சல் நிஜமாவே அசிங்கமா இருந்துச்சு, ஒரு மனுஷன் வேற பாட்டு பண்ணிப் பாத்ததுக்கு அவ்வளவு வன்மம் தேவையே இல்ல. அவர் 2017ல திரும்பி வந்தப்போ அதே கூட்டம் கண்ணீர் விட்டுச்சு. எனக்கு அந்த ரெண்டு பக்கமும் மறக்காது.

ஆனா ஹெட்ஹன்டர்ஸோட தைரியமான கொலாப் எதுன்னு கேட்டா நான் 2013க்குப் போக மாட்டேன், 2008க்குப் போவேன். ப்ராஜெக்ட் ஒன். அவரும் வைல்ட்ஸ்டைல்ஸும் சேர்ந்து பண்ணின முழு ஆல்பம். ‘லைஃப் பியாண்ட் எர்த்’, ‘ஃபேன்டஸி ஆர் ரியாலிட்டி’, ‘த ஸ்டோரி அன்ஃபோல்ட்ஸ்’. ரெண்டு பேருமே அப்போ இருபதுகள்ல இருந்த பசங்க, ரெண்டு பேருக்கும் தனித்தனியா பேர் ஏறிக்கிட்டிருந்த நேரம். அந்த நேரத்துல யாராவது போய் தன் பேரை ஓரமா வெச்சுட்டு மூணாவதா ஒரு பேர் வைப்பாங்களா? அந்த ஆல்பத்துல எங்க ஒருத்தர் முடியறாரு, எங்க இன்னொருத்தர் ஆரம்பிக்கறாருன்னு 15 வருஷமா கேட்டும் என்னால கோடு போட முடியல. ‘லைஃப் பியாண்ட் எர்த்’ மெலடி ஏறி வந்து அந்த ஒரு நொடி எல்லாம் நின்னு, அப்புறம் கிக் வர்ற இடம், அதை நான் எப்பக் கேட்டாலும் பஸ்ல உக்காந்திருக்கேன்னு மறந்துடும்.

அல்மீரே_அண்ணன்

தம்பியவை, வணக்கம். நான் இஞ்ச வாசிக்கிறதோட சரி, எழுதுறதில்ல, ஆனா ப்ராஜெக்ட் ஒன் எண்ட பேரைக் கண்ட உடன கை நிக்கேல்ல.

நான் நெதர்லாந்தில கனகாலமா இருக்கிறன், அல்மீரேயில. கனபேருக்குத் தெரியாது, டெஃப்கான் 2003ல தொடங்கினதில இருந்து 2010 மட்டும் எங்கட ஊர்க் கரையிலதான் நடந்தது, 2011லதான் பிட்டிங்ஹுய்சனுக்குப் போனது. அந்த நேரம் நான் ஒரு வேர்ஹவுசில வேலை, என்னோட வேலை செய்த டச்சுப் பொடியன்தான் முதல் முதல் கூட்டிக்கொண்டு போனவன். அவனும் ஹார்ட்கோர் ஆள், காபர் எண்ட தொண்ணூறுகளின்ர டச்சு ஹார்ட்கோர்க் காலத்துப் பாட்டுகள்தான் பாட்டு எண்டு நிக்கிறவன். ஹார்ட்ஸ்டைல் எண்டா அவனுக்கு மெல்லிசான சாமான். அதே பொடியன் ப்ராஜெக்ட் ஒன் பாட்டுக்கு ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு கண்ணை மூடி நிண்டதை நான் பார்த்தனான். தண்ணிக்கரை, பின்னேரக் காத்து, சனம் முழுக்க ஒரே மெலடியை வாயால பாடுது, சொல்லே இல்லாத மெலடி. எனக்கு அப்ப டச்சு பெரிசா வராது. ஆனா அண்டைக்கு ஒருத்தரோடையும் கதைக்க வேண்டி இருக்கேல்ல, எல்லாரும் ஒரே சத்தத்தைத்தான் பாடினவை.

பிறகு 2012ல ‘வேர்ல்ட் ஒஃப் மேட்னஸ்’ வந்தது, ஹெட்ஹன்டர்ஸ், வைல்ட்ஸ்டைல்ஸ், நொய்ஸ்கன்ட்ரோலர்ஸ் மூண்டு தரப்பும் சேர்ந்து செய்த ஆந்தம். அது நல்ல பாட்டு, நான் குறை சொல்லேல்ல. ஆனா அதில துணிவு எண்டு சொல்ல ஒண்டும் இல்ல, மூண்டு பேரும் ஒரே வளவுக்குள்ள வளர்ந்தவை.

2019 ஆந்தம்தான் என்ர கணக்கில பெரிய துணிவு. ‘வன் ட்ரைப்’. ஃப்யூச்சர் நொய்ஸ், கெல்டெக், செஃபா. இந்த மூண்டு பேரையும் ஒரு அறைக்குள்ள விட்டதே பெரிய காரியம். ஃப்யூச்சர் நொய்ஸின்ர பாட்டு இருட்டுக்குள்ள கதை சொல்ற மாதிரி இருக்கும். கெல்டெக் மெலடிக்காரன், நெஞ்சைத் திறந்து விடுவான். செஃபா ஹார்ட்ஸ்டைலே இல்ல, ஃப்ரெஞ்ச்கோர், 200 பிபிஎம் பக்கத்தில ஓடுற ஆள், பியானோவும் கோரஸும் வயலினும் வைச்சு அழ வைப்பான். டெஃப்கானில ஒவ்வொரு வகை இசைக்கும் ஒரு மேடை, இவ்வளவு காலமும் ஒவ்வொரு மேடைக்கும் ஒவ்வொரு நிறம், நீல மேடைக்காரன் சிவப்பு மேடைக்குப் போகமாட்டான் எண்டு கிடந்த சனத்துக்கு, ஆந்தத்திலயே மூண்டு பேரைச் சேர்த்து விட்டவை. அந்த வருசத்துப் பேரும் அதுதானே.

தகிட_ரம்யா

அண்ணா, படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. இன்னும் எழுதுங்க.

நீங்க 150ம் 200ம்னு சொன்னதும் எனக்கு ஒண்ணு தோணுச்சு, நான் பத்து வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டவ, அந்தக் கண்ணோட சொல்றேன். ஹார்ட்ஸ்டைல் ஆளும் ஃப்ரெஞ்ச்கோர் ஆளும் ஒரே பாட்டுல இருக்கணும்னா வேகம்தான் முதல் சண்டைன்னு எல்லாரும் நினைப்போம். ஆனா கணக்குல பாத்தா ரெண்டும் பக்கத்து வீடு.

150ல ஒரு அடி 400 மில்லிசெகண்டுன்னு செந்தில் சொன்னாரு. அதை ‘தகதிமி’ன்னு நாலா பிரிச்சா ஒவ்வொண்ணும் 100. இப்போ அதே ஓட்டத்தை மாத்தாம மூணு மூணா எடுங்க, ‘தகிட தகிட தகிட தகிட’. ஒரு தகிட 300. 200 பிபிஎம்ல ஒரு அடி எவ்வளவு? அதே 300! அதாவது ஹார்ட்ஸ்டைலோட மூணு அடிக்குள்ள ஃப்ரெஞ்ச்கோரோட நாலு அடி கரெக்டா உக்காந்துடும். மெலடியை மூணு மூணா தட்டி முன்னாடியே காதுக்குப் பழக்கிட்டா, கிக் திடீர்னு 200க்குப் போனாலும் தடுக்கி விழாது, ஏற்கனவே உள்ள ஓடிட்டிருந்த ஓட்டம் வெளிய வந்த மாதிரி இருக்கும். தனி ஆவர்த்தனத்துல நடை மாத்தற வித்தைக்கும் இதுதான் அடிப்படை. டிராப்புக்கு முன்னாடி மூணு மூணா வர்ற மெலடி எங்க கேட்டாலும் என் கை தானா தொடைல தகிட போட ஆரம்பிச்சுடும்.

புதுக்காது_புவனா

நான் இப்போ மேஜைல தட்டிப் பாத்தேன். ஒரு கை தகதிமி, ஒரு கை தகிட. வருது! அய்யோ சூப்பர்.

ஸ்டெம்_செந்தில்

ரம்யா சொன்ன கணக்கு அட்டகாசம், ஆனா கிக் பக்கம் அது அவ்வளவு சுலபமா முடியாது. 400க்கு செஞ்ச வாலை 300க்குள்ள திணிக்கணும்னா 100 மில்லிசெகண்டு வெட்டணும், கால் பாகம். வாலோட கடைசிலதான் ஸ்ருதி தெளிவா கேக்கும், அதை வெட்டினா மெலடியோட ஒட்டாது, டொக் டொக்னு காஞ்ச சத்தம்தான் வரும். அதனால ஃப்ரெஞ்ச்கோர் ஆளுங்க கிக்கையே வேற மாதிரி செய்வாங்க, குட்டையா, வேகமா கீழ விழற மாதிரி. வேகத்தைக் கூட்டினா மட்டும் போதாது, கிக்கை அடியில இருந்து புதுசா கட்டணும்.

சொந்த அனுபவம் ஒண்ணு சொல்றேன். போன வருஷம் நானும் என் நண்பனும் ஒரு ட்ராக் ஆரம்பிச்சோம். அவன் ஆளு மெலடி, நான் ரா, கரடுமுரடான பக்கம். அவன் எனக்கு ஸ்டெம் (பாட்டோட பாகங்களைத் தனித்தனியா வெச்ச ஃபைல்) அனுப்பறான், நான் திறந்து பாக்கறேன், எல்லாமே ஜி ஷார்ப்ல இருக்கு. என் கிக்கு எஃப்ல செஞ்சது, ரெண்டு மாசம் உக்காந்து செஞ்சது. மூணு செமிடோன் மேல ஏத்தினேன், வால் மெலிஞ்சு கொசு மாதிரி ஆயிடுச்சு. அவன்கிட்ட பாட்டை எஃப்க்கு இறக்குடான்னேன். அவன் இறக்கினா பாடின பொண்ணோட குரல் கீழ போய் உயிரே போயிடுதுன்னான். அது நியாயம்தான், அந்தப் பொண்ணு பாடினது அவ்வளவு அழகு. ஆனா நான் விடல, நாலு வாரம் வாக்குவாதம். கடைசில முதல் டிராப் அவன் கிக், ரெண்டாவது டிராப் என் கிக்னு ராஜா சொன்ன அதே பாகப்பிரிவினைதான் பண்ணினோம். என் டிராப் வரும்போது ஸ்ருதி மூணு படி கீழ விழும். கேட்டவங்க எல்லாம் ரெண்டு பாட்டை ஒட்டின மாதிரி இருக்குன்னாங்க. ஃபைல் அப்படியே கிடக்கு, நாங்களும் முன்ன மாதிரி பேசிக்கறதில்ல.

அதனால இந்த இழையைப் படிக்கும்போது எனக்குச் சுருக்குனு இருக்கு.

ராஸ்டைல்_ராவணன்

செந்தில் அண்ணே, இப்பவும் கெட்டுப் போகல, அவருக்கு ஒரு மெசேஜ் போடுங்க.

நான் சொல்ல வந்தது கன்ஸ் ஃபார் ஹையர். ரான்-டி, அடாரோன்னு ரெண்டு ரா ஹார்ட்ஸ்டைல் ஆளுங்க சேர்ந்த ஜோடி. ரெண்டு பேரும் தனித்தனியா ஸ்டார், சேர்ந்தப்போ கோட்டு சூட்டு, மாஃபியா கதை, புதுசா ரெண்டு பாத்திரமாவே மேடைல நின்னாங்க. ‘பொலிவியா’, ‘ஸ்வேகர்’, ‘கிங்ஸ் ஆஃப் த அண்டர்கிரவுண்ட்’. அந்த வேஷம் பலருக்கு ஷோவா தெரியும், எனக்கு அது வேலைக்கான கருவியா தெரியுது. ஏன்னா வேஷம் போட்டதும் ‘இது ரான்-டி கிக்கா அடாரோ கிக்கா’ங்கிற கேள்வியே செத்துடுது. மூணாவதா ஒரு ஆளோட கிக். ராஜா முதல் போஸ்ட்ல கேட்டது இதுதானே?

மைனஸ் மிலிஷியாவையும் சேர்த்துக்கோங்க, ராடிக்கல் ரிடம்ப்ஷன், செயின் ரியாக்ஷன், கிரிப்ஸிஸ். மூணு காட்டு மிருகம் ஒரே கூண்டுல. ஆனா அங்க மூணு பேருமே ஒரே திசைல ஓடறவங்க, அதனால சக்தி இருக்கு, ஆச்சரியம் கம்மி.

ஹெட்ஃபோன்_ஹமீது

சரி, நீங்க எல்லாரும் உள்ளூர்க் கல்யாணத்தையே பேசறீங்க, வெளியூர்ச் சம்பந்தமும் பேசுவோம். கூன் பெல்ஜியம் ஹார்ட்ஸ்டைல் ஆளு, அவர் டிமிட்ரி வேகஸ் அண்ட் லைக் மைக்ங்கிற மெயின்ஸ்ட்ரீம் டிஜே ஜோடி கூட, அட்லாண்டால இருந்து லில் ஜானைக் கொண்டாந்து ‘மேட்னஸ்’ பண்ணினாரு. கிரங்க் ராப்ல கத்தறதுக்குன்னே பிறந்த குரல் அது. அந்தக் குரலும் ஹார்ட்ஸ்டைல் எம்சி போடற கூவலும் ரொம்பத் தூரம் இல்லன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது. டுமாரோலேண்ட் மாதிரி பெரிய டான்ஸ் திருவிழா மேடைல ஹார்ட்ஸ்டைல்னா என்னன்னே தெரியாத கூட்டம் அந்த மாதிரிப் பாட்டுக்குக் குதிச்சுது. அந்தக் கதவைத் திறக்கலன்னா புவனா மாதிரி ஆளுங்க ஜிம்முல கேட்டு உள்ள வந்திருப்பாங்களா?

டிம்மி ட்ரம்பெட்டும் அப்படித்தான். சிட்னி கன்சர்வடோரியத்துல முறையா படிச்ச ட்ரம்பெட்காரர், சப் ஜீரோ ப்ராஜெக்ட்ங்கிற ஹார்ட்ஸ்டைல் ஜோடி கூட ‘ராக்ஸ்டார்’ பண்ணினாரு. அவ்வளவு டிஸ்டார்ஷன் பண்ணின கிக்குக்கு மேல பித்தளை வாத்தியம் வாசிக்கிறது சாதாரணமில்ல.

தகிட_ரம்யா

ட்ரம்பெட்டும், ஸ்க்ரீச்னு ஹார்ட்ஸ்டைல்ல வர்ற கூச்சலான சின்த் சத்தமும் ஒரே உயரத்துல மோதும், ரெண்டும் கிறீச்னு நடு மேல் ஸ்தாயில உக்காரும். யாராவது ஒருத்தர் ஒதுங்கித்தான் ஆகணும். ஹமீது அண்ணா சொன்னதுல அந்த ஒதுங்கல் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது, ட்ரம்பெட் வரும்போது வழி விட்டாத்தான் அந்த வாத்தியத்தோட மூச்சே காதுக்கு எட்டும்.

நான் ஒண்ணு சேர்க்கறேன், டா ட்வீக்காஸ். நார்வே பசங்க. அவங்க ‘ட்வீக்காகோர்’னு இன்னொரு பேர் வெச்சுக்கிட்டு பிரிட்டன் ஹாப்பி ஹார்ட்கோர் ஜாம்பவான் டேரன் ஸ்டைல்ஸ் கூட ‘பார்ட்டிஸ்டார்ட்டர்’ பண்ணினாங்க. பாருங்க, அவங்கதான் எழுந்து அவர் வீட்டுக்குப் போனாங்க, 170 பக்கத்துல இருக்கிற வேகத்துக்கு. ஆனா கிக்ல ஹார்ட்ஸ்டைல் தடிமனை விடல. விருந்தாளியாப் போயும் கையில பலகாரம் கொண்டு போன மாதிரி.

புதுக்காது_புவனா

கேஷ்மிர், ஹெட்ஹன்டர்ஸ் சேர்ந்து பண்ணின ‘தர்மா’ பத்தி யாருமே சொல்லலையே? எனக்கு முதல்ல பிடிச்சதே அதுதான், நம்ம ஊர் வாடை அடிச்சுது.

ரிவர்ஸ்பேஸ்_ராஜா

புவனா, உங்களுக்குப் பிடிச்சதுல தப்பே இல்ல, அந்த வழியா நீங்க இங்க வந்ததுல எனக்குச் சந்தோஷம்தான். கேஷ்மிர் கலிஃபோர்னியால பிறந்தவர், அப்பா வழி காஷ்மீர், அவருக்கு அந்த இசை மேல நிஜமான பாசம் இருக்கு. ஆனா என் காதுக்கு அதுல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மாத்தல. இவர் கொண்டு வந்ததை இவர் வெச்சாரு, அவர் கொண்டு வந்ததை அவர் வெச்சாரு, தட்டு நிறைஞ்சுது. ப்ராஜெக்ட் ஒன்ல குழம்பும் சோறும் பிசைஞ்ச மாதிரி இருக்கும்.

ஹமீது, கதவு திறக்கறதைப் பத்தி நீங்க சொன்னதை ராத்திரி பூரா யோசிச்சேன். நான் முதல்ல எழுதும்போது அதை யோசிக்கவே இல்ல. எனக்கே ஹார்ட்ஸ்டைல் வந்து சேர்ந்தது ஷோடெக் வழியா. ‘எஃப்டிஎஸ்’னு ஹார்ட்ஸ்டைல் பாட்டு பண்ணின அதே அண்ணன் தம்பி, 2013ல ‘பூயா’ன்னு மெயின்ஸ்ட்ரீம் டான்ஸ் பாட்டு பண்ணாங்க, நான் ‘பூயா’ கேட்டுட்டு இவங்க பழசு என்னன்னு தேடிப் போய்த்தான் 2007 பக்கமே போனேன். அப்போ கூட்டத்தை விட்டு வெளிய போனவங்கதான் என்னை உள்ள கூட்டிட்டு வந்திருக்காங்க. அதைத் தைரியம்னு ஒத்துக்கறேன். ஆனா நான் தேடற தைரியம் அது இல்ல, வேற வகை. ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சுக் குழப்பிட்டோம்.

அல்மீரே_அண்ணன்

ராஜா தம்பி, ஒரு விசயம் சொல்லவேணும். 2018ல ஆந்தம் செய்யக் கூப்பிட்டது ஆரைத் தெரியுமே? ப்ராஜெக்ட் ஒன். ‘மக்சிமம் ஃபோர்ஸ்’. பத்து வருசம் கழிச்சு, இடையில ஒருத்தர் வெளிய போய்த் திரும்பி வந்த பிறகு, திரும்ப அதே பேரில ரெண்டு பேரும். ஹமீது சொன்ன வெளியால போறதும் நீங்க சொன்ன உள்ளுக்க கலக்கிறதும் அந்த ஒரு பாட்டில சந்திச்சது எண்டுதான் நான் நினைக்கிறன். வெளியால போய் வந்த ஆள் பழைய ஆளா வரமாட்டார், மற்றவர் அதுக்கு இடம் விடவேணும்.

என்னைக் கூட்டிக்கொண்டு போன அந்த டச்சுப் பொடியனுக்கு இப்ப ரெண்டு பிள்ளையள், வேற ஊருக்கு மாறிட்டான். அந்த ஆந்தம் வந்த அண்டு காலமை ஒரு சொல்லும் எழுதாம லிங்கை மட்டும் அனுப்பினவன். நானும் ஒரு சொல்லும் எழுதேல்ல, திரும்ப ‘லைஃப் பியாண்ட் எர்த்’ லிங்கை அனுப்பி விட்டன்.

செந்தில் தம்பி, அந்த நண்பருக்குக் கிக்கை அனுப்பாதேங்கோ. வெறும் வணக்கம் சொல்லுங்கோ.

ஸ்டெம்_செந்தில்

அண்ணா, நேத்து சாயங்காலமே போட்டேன், நீங்க சொன்ன மாதிரிதான், எப்படிடா இருக்கேன்னு மட்டும். பத்து நிமிஷத்துல கால் பண்ணிட்டான். ட்ராக் பத்தி முதல் அரை மணி நேரம் ரெண்டு பேருமே பேசல.

அப்புறம் நான்தான் சொன்னேன், பாட்டு ஜி ஷார்ப்லயே இருக்கட்டும், என் கிக்கைத் தூக்கிடலாம்னு. அவன் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, இல்லடா, என் கிக்கும் வேணாம், புதுசா செய்வோம்னான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஸ்கிரீன் ஷேர் போட்டு உக்காந்தோம். டாக் அவனோடது, ஏன்னா அவன் டாக் எப்பவுமே என்னோடதை விட சுத்தம். பன்ச் என்னோடது. வால் மட்டும் ஜி ஷார்ப்ல பூஜ்யத்துல இருந்து, நான் ஒரு டிஸ்டார்ஷன் போடுவேன், அவன் ஈக்யூ பண்ணுவான், மறுபடி நான், மறுபடி அவன். ஏழாவது சுத்துல ஒண்ணு வந்துச்சு, ரெண்டு பேருமே ஒரே நேரத்துல ‘ஏய்’னோம்.

இன்னும் முடியல, அந்தப் பொண்ணு குரல் ‘ஆ’ன்னு நீளற இடத்துல வாலும் குரலும் ஒரே ஸ்ருதில நின்னு லேசா உரசுது, வர்ற ஞாயித்துக்கிழமை அதை உக்காந்து பாக்கணும். ரம்யா, ரெண்டாவது டிராப்புக்கு முன்னாடி எட்டு பார் காலியா வெச்சிருக்கோம், தகிட கணக்கை அங்க போட்டுப் பாக்கலாம்னு அவன்தான் சொன்னான், இந்த இழையை முழுசா படிச்சிருக்கான். உங்களால மிருதங்கத்துல சும்மா ஒரு நிமிஷம் 150ல வாசிச்சு ஃபோன்ல பதிவு பண்ணி அனுப்ப முடியுமா?

தகிட_ரம்யா

மிருதங்கத்துக்கு ரவை போட்டுட்டிருக்கேன். அரை மணி நேரம் கொடுங்க. ஜி ஷார்ப்தானே?